புது ஆட்டமுறைக்கு ஓர் அணி பழகுவது எப்படி? அமெரிக்க ஃபுட்பால் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

அமெரிக்க ஃபுட்பால் அணி ஒன்றுக்குப் புதிய தாக்குதல் பயிற்சியாளர் (பந்து தன் அணியிடம் இருக்கும்போது ஆட வேண்டிய ஆட்டத்தைத் திட்டமிடுபவர்) வந்து சேர்ந்தால், பத்து வருடம் ஆடிப் பழுத்தவர்கள்கூட முதல் சில மாதங்கள் தடுமாறுவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். இத்தனை கோடி சம்பளம் வாங்குகிறவர்களுக்குப் புதுத் திட்டங்களை மனப்பாடம் செய்ய இவ்வளவு நாளா என்று கேட்பார்கள். மனப்பாடம் சில வாரங்களில் முடிந்துவிடும் வேலைதான். பழைய பழக்கத்தை உடம்பிலிருந்து இறக்குவதும், பதினொரு பேரும் ஒரே நொடியில் ஒரே முடிவுக்கு வருவதும் மாதக்கணக்கில் இழுக்கும். சில அணிகளுக்கு ஒரு முழு சீசனே போய்விடும்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். இங்கே பேசப்போவது மெஸ்ஸியும் ரொனால்டோவும் ஆடும் கால்பந்து பற்றி இல்லை. அமெரிக்காவின் என்எஃப்எல் லீகில் தலையில் ஹெல்மெட்டும் கையில் முட்டை வடிவப் பந்துமாக ஆடுவார்களே, அது. பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 யார்டு முன்னேறிவிட்டால் மறுபடியும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். ஒவ்வொரு வாய்ப்பும் சில நொடிகளில் முடிந்துவிடும், ஆட்டம் நிற்கும், அணி கூடி அடுத்ததைப் பேசும். அந்தச் சில நொடி முயற்சிக்குப் பெயர் 'பிளே'. பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். அவருக்கு அரணாக நிற்கும் ஐந்து பேர் லைன்மேன்கள். பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவர் ரன்னிங் பேக். தூரமாக ஓடிப்போய்ப் பிடிப்பவர்கள் ரிசீவர்கள். லைன்மேன்களை ஒட்டி நின்று, எதிராளியைத் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர் டைட் எண்ட்.

இப்படி நின்று நின்று நடக்கும் ஆட்டம் என்பதால் ஒவ்வொரு பிளேயையும் முன்கூட்டியே வரைந்து வைக்க முடிகிறது. ஓர் அணியின் பிளேபுக்கில் இவை நூற்றுக்கணக்கில் இருக்கும். பிளேக்களுக்குப் பெயர் வைக்கும் விதம், யார் எந்தப் பாதையில் ஓடுவது, குவார்ட்டர்பேக் எத்தனை எட்டு பின்வாங்கி எறிவது, லைன்மேன் முதல் எட்டை எந்தப் பக்கம் வைப்பது என எல்லாம் சேர்ந்ததுதான் ஓர் அணியின் ஆட்டமுறை.

நாற்பது நொடிக்குள்

ஒரு பிளே முடிந்ததும் 40 நொடிக் கடிகாரம் ஓடத் தொடங்கும். அது தீர்வதற்குள் அடுத்த பிளே ஆரம்பித்துவிட வேண்டும், தவறினால் 5 யார்டு அபராதம். பயிற்சியாளர் மைதான ஓரத்திலிருந்து ரேடியோ வழியாகக் குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் பேசுவார். 1994-ல் வந்த ஏற்பாடு இது. கடிகாரத்தில் 15 நொடி மிச்சமிருக்கும்போது அந்த இணைப்பு துண்டிக்கப்பட்டுவிடும். காதில் விழுந்த பெயரைக் குவார்ட்டர்பேக் மற்ற பத்துப் பேருக்கும் சொல்ல வேண்டும். அவர்கள் தத்தம் இடத்துக்குப் போக வேண்டும். எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, சரிப்படாது என்று தோன்றினால் பிளேயை அங்கேயே மாற்ற வேண்டும். பெயரைக் கேட்டதும் யோசிக்க நேர்ந்தால், எதிரணியைப் படிக்க நேரமே இருக்காது.

இந்தப் பெயர்கள் எல்லா அணியிலும் ஒன்றாக இருந்தால் பரவாயில்லை. என்எஃப்எல்லில் நெடுங்காலமாக மூன்று பெரிய மரபுகள் உண்டு.

முதலாவது 'வெஸ்ட் கோஸ்ட்'. பில் வால்ஷ் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியில் உதவிப் பயிற்சியாளராக இருந்தபோது, 1970-ல் அவருக்குக் கிடைத்த குவார்ட்டர்பேக் வர்ஜில் கார்ட்டர். தூரமாக எறியும் வலு குறைவு, ஆனால் குறி தப்பாது. அவருக்காகவே குறுகிய தூரத்துக்கு, மைதானத்தின் அகலம் முழுவதையும் பயன்படுத்தி எறியும் முறையை வால்ஷ் உருவாக்கினார். 1979-ல் சான் பிரான்சிஸ்கோ 49-அர்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய், ஜோ மான்டனாவை வைத்து அதே முறையில் மூன்று சூப்பர் பௌல் (லீகின் இறுதிப் போட்டி) வென்றார். இந்த மரபில் பிளேயின் பெயர் சொற்களால் நீண்டுகொண்டே போகும். யார் யார் என்ன செய்ய வேண்டும் என்பது தனித்தனியாகச் சொல்லப்படும். 'ஸ்பைடர் 2 ஒய் பனானா' என்பது அவற்றில் புகழ்பெற்ற, சிறிய பெயர். முதல் பாதி, குவார்ட்டர்பேக்கை எப்படிக் காப்பது என்று சொல்கிறது. 'ஒய்' என்பது டைட் எண்ட், 'பனானா' அவர் வளைந்து ஓட வேண்டிய பாதை.

இரண்டாவது, சான் டியேகோ சார்ஜர்ஸ் பயிற்சியாளர் டான் கோரியல் புகழ்பெறச் செய்தது. இதில் பாதைகளுக்கு எண்கள். பொதுவாக ஒற்றைப்படை எண் என்றால் மைதான ஓரத்தை நோக்கித் திரும்ப வேண்டும், இரட்டைப்படை என்றால் நடுவை நோக்கி. 9 என்றால் நேராகப் பறக்க வேண்டும். '525' என்று சொன்னால் மூன்று ரிசீவர்களுடைய ஓட்டமும் முடிவாகிவிடும்.

மூன்றாவது ரான் எர்ஹார்ட், ரே பெர்கின்ஸ் இருவரின் பெயரால் வழங்குவது. 1970-களில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். இவர்களுடைய வழியில் ஒரே சொல் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு கூட்டு வேலையைக் கொடுக்கும். 'கோஸ்ட்' என்றால் வெளி ஓரத்தில் நிற்பவர் நேராக ஓட வேண்டும், ஒருவர் 8 யார்டில் வெளியே திரும்ப வேண்டும், இன்னொருவர் உடனே பக்கவாட்டில் ஓட வேண்டும். அந்த இடத்தில் நிற்பது எந்த ஆட்டக்காரராக இருந்தாலும் சரி. எனவே ஒவ்வொருவரும் தன் வேலையை மட்டும் படித்தால் போதாது, மூன்று இடத்தின் வேலையும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு மரபிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் குவார்ட்டர்பேக்குக்கு எறிய வேண்டிய பந்து பெரும்பாலும் பழையதுதான். காதில் விழும் சொல்லிலிருந்து கண்ணுக்குள் படம் எழும் வழி மட்டும் மாறியிருக்கும். அழுத்தம் கூடும்போது பழைய வழிதான் முதலில் திறந்துகொள்ளும்.

அலெக்ஸ் ஸ்மித் பட்ட பாடு

இதற்கு அலெக்ஸ் ஸ்மித்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2005-ல் லீக் முழுவதிலும் முதல் ஆளாக அவரை 49-அர்ஸ் தேர்ந்தெடுத்தது. அப்போது அவருக்கு 20 வயது. முதல் ஆண்டு தாக்குதல் பயிற்சியாளர் மைக் மெக்கார்த்தி, வெஸ்ட் கோஸ்ட் மரபுக்காரர். ஸ்மித் அந்த ஆண்டு 1 டச்டவுன் (எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) எறிந்தார், 11 முறை அவர் எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொண்டது. இனி பந்தை இழந்தார் என்று நான் சொல்வது இதைத்தான். மெக்கார்த்தி வேறு அணிக்குத் தலைமை ஏற்கப் போய்விட்டார். 2006-ல் வந்தவர் நார்வ் டர்னர், கோரியலின் எண் மரபில் ஊறியவர். ஸ்மித் தேறினார், அந்த ஆண்டு 16 டச்டவுன். டர்னரும் போய்விட்டார். 2007-ல் ஜிம் ஹாஸ்லர், 2008-ல் மைக் மார்ட்ஸ், 2009-ல் ஜிம்மி ரே. அவரை 2010 சீசனின் நடுவிலேயே நீக்கிவிட்டு மைக் ஜான்சனை வைத்தார்கள். 2008 சீசன் முழுவதும் ஸ்மித் தோள்பட்டைக் காயத்தால் ஆடவே இல்லை.

வேரூன்றத் தொடங்கும்போதெல்லாம் பிடுங்கி நட்ட இந்தப் பையனைத்தான், தேர்வு செய்ததே வீண் என்று ஊரே ஏசியது. 2011-ல் ஜிம் ஹார்பா தலைமைப் பயிற்சியாளராக வந்தார். ஸ்மித்துக்கு ஏழாவது தாக்குதல் பயிற்சியாளராக கிரெக் ரோமன் சேர்ந்தார். அந்த ஆண்டு உரிமையாளர்களுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் ஒப்பந்தத் தகராறு ஏற்பட்டதால், வசந்த காலப் பயிற்சி முகாம்கள் மூடியே கிடந்தன. கையில் ஒப்பந்தம்கூட இல்லாத ஸ்மித், புது பிளேபுக்கை வைத்துக்கொண்டு தன் தோழர்களைத் திரட்டிப் பயிற்சி நடத்தினார். அந்த சீசனில் அணி 13 வெற்றி, 3 தோல்வி. ஸ்மித் 17 டச்டவுன் எறிந்து, 5 முறைதான் பந்தை இழந்தார். திறமை 2005-லேயே இருந்தது என்பதே என் கருத்து. மாறிக்கொண்டே இருந்த ஆட்டமுறைகள் அது வெளியே வர வழி கொடுக்கவில்லை.

காலுக்குத் தெரிய வேண்டியது

பெயர்கள் பழகிய பிறகும் உடம்பு பழக வேண்டும். குவார்ட்டர்பேக் எத்தனை எட்டு பின்வாங்குகிறாரோ, அதற்கேற்பத்தான் ரிசீவர்களின் ஓட்டம் அளக்கப்பட்டிருக்கும். ஐந்தாம் எட்டு தரையில் பதியும்போது முதல் ரிசீவர் திரும்பியிருப்பார். அவருக்கு எறிய முடியாவிட்டால் குவார்ட்டர்பேக் சின்னதாக ஒரு எட்டு முன்னே வைத்து இரண்டாமவரைப் பார்க்க வேண்டும். யாரை எப்போது பார்ப்பது என்பதைக் கால்தான் கண்ணுக்குச் சொல்கிறது. புது ஆட்டமுறையில் எட்டுகளின் கணக்கு மாறினால் பார்வையும் பிசகும், பந்து அரை நொடி தாமதமாகப் போகும். அந்த அரை நொடி எதிரணிக்குப் போதும்.

அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணியின் மேட் ரயனுக்கு 2015-ல் நடந்தது இது. ஏழு சீசன் ஆடிய, நன்றாக நிலைபெற்ற குவார்ட்டர்பேக். தாக்குதல் பயிற்சியாளராக கைல் ஷானஹன் வந்தார். அவருடைய முறையில் லைன்மேன்கள் ஐவரும் ஒரே பக்கமாக நகர்வார்கள். குவார்ட்டர்பேக், ரன்னிங் பேக்கிடம் பந்தைக் கொடுப்பதுபோல் பாவனை செய்து, எதிரணிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பிறகு ஓடிக்கொண்டே எறிவார். மைதானத்துக்கு முதுகு காட்டிய அந்த நொடியில் எதிரணி என்ன செய்கிறது என்று தெரியாது. திரும்பியதும் ஒரே பார்வையில் படித்தாக வேண்டும். ஃபால்கன்ஸ் முதல் ஐந்து ஆட்டங்களையும் வென்றது, பிறகு சரிந்து 8 வெற்றி, 8 தோல்வி என்று முடித்தது. ரயன் 21 டச்டவுன் எறிந்தார், 16 முறை பந்தை இழந்தார். இந்த முறை ரயனுக்கு ஒத்துவராது என்ற பேச்சு பலமாக எழுந்தது.

நிர்வாகம் முறையை மாற்றவில்லை. நடு லைன்மேனாக அலெக்ஸ் மாக்கைக் கொண்டுவந்தது. 2016-ல் அதே ரயன், அதே ஷானஹன்: 38 டச்டவுன், 7 இழப்பு, 4,944 யார்டு, லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது. அணி 540 புள்ளிகள் எடுத்து லீகிலேயே முதலிடம். அந்த சீசனின் சூப்பர் பௌலில் 28–3 என்று முன்னணியில் இருந்து தோற்றது வேறு கதை. முதல் வருடக் கணக்கை மட்டும் வைத்து ஒரு பயிற்சியாளரை அனுப்பிவிட வேண்டும் என்று யாராவது சொன்னால், நான் இந்த இரண்டு வருடங்களைத்தான் காட்டுவேன்.

மாக் போன்றவர்கள் ஏன் அவ்வளவு முக்கியம்? தொலைக்காட்சியில் யாரும் கவனிக்காத லைன்மேன்களுக்குத்தான் மாற்றம் மிகவும் கடினம். சில முறைகளில், 'உன் எதிரே நிற்பவன் இவன், இவனை இந்தப் பக்கம் தள்ளு' என்று கட்டளை இருக்கும். ஒரு லைன்மேன் மட்டும் வரிசையை விட்டு விலகி ஓடி, மறுபக்கம் வழி திறப்பார். ஷானஹன் முறையில் ஆளுக்குப் பதில் இடம்தான் கணக்கு. எல்லாரும் பக்கவாட்டில் எட்டு வைக்க வேண்டும், தன் இடத்துக்குள் யார் வருகிறானோ அவனைத் தடுக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து ஒருவனைத் தள்ளிவிட்டு, சரியான தருணத்தில் ஒருவர் கழன்று பின்னால் நிற்பவனிடம் போக வேண்டும். அந்தத் தருணத்தை வாய்விட்டுச் சொல்ல நேரமில்லை. தோள் உரசும் அழுத்தத்திலிருந்தே இருவரும் உணர வேண்டும். பக்கத்தில் ஒரே ஆள் தொடர்ந்து நின்றால்தான் அது வரும். ஆனால் முழுக் கவசத்தோடு மோதிப் பயிற்சி செய்ய, வழக்கமான சீசன் முழுவதற்கும் 14 முறைக்குமேல் அனுமதி இல்லாதபடி 2011 ஒப்பந்தம் கட்டுப்படுத்தியது. உடல்நலத்துக்கு நல்ல விதி, நான் அதை ஆதரிக்கிறேன். புது முறை கற்கும் லைன்மேன்களுக்கு மட்டும் அது நாட்களைக் கூட்டிவிடுகிறது.

ஓடத் தொடங்கிய பிறகு மாறும் பாதை

ரிசீவர்களின் பாதை காகிதத்தில் ஒரு கோடு. மைதானத்தில் அது பல ஆட்டமுறைகளில் ஒரு கேள்வி. தன்னைக் காவல் காப்பவன் ஒட்டிக்கொண்டே வந்தால் விலகி ஓட வேண்டும். எதிரணி இடம் பிரித்துக் காத்தால் காலி இடத்தைக் கண்டு நின்றுவிட வேண்டும். இதை ரிசீவர் ஓடிக்கொண்டே முடிவு செய்கிறார். அதே நொடியில் குவார்ட்டர்பேக்கும் அதே முடிவுக்கு வந்து, ரிசீவர் திரும்பும் முன்பே பந்தை எறிந்துவிடுகிறார். கிரிக்கெட்டில் இரண்டு பேட்ஸ்மேன்களில் ஒருவர் ரன் இருக்கிறது என்றும் மற்றவர் இல்லை என்றும் நினைத்தால் என்ன ஆகுமோ, அதேதான் இங்கும். யாரும் இல்லாத இடத்தில் பந்து போய் விழும். பார்ப்பவர்கள் குவார்ட்டர்பேக்கைத் திட்டுவார்கள்.

சாட் ஜான்சன் சின்சினாட்டியில் பத்து சீசன் ஆடியவர், அவர் காலத்தின் தலைசிறந்த ரிசீவர்களில் ஒருவர். 2011-ல் பேட்ரியட்ஸுக்குப் போனார். எறிபவர் டாம் பிரேடி. அந்த சீசன் முழுவதும் அவர் பிடித்தது 15 பந்துகள், 276 யார்டு, 1 டச்டவுன். வேகமும் கையும் எங்கும் போய்விடவில்லை. சின்சினாட்டியில் அவர் தன் உள்ளுணர்வுப்படி பாதையை வளைத்து ஓடினால் குவார்ட்டர்பேக் அதற்கு ஒத்துப்போவார். பேட்ரியட்ஸில் எல்லாரும் ஒரே மாதிரி படித்தாக வேண்டும். அதைச் சாட் ஜான்சனால் வசப்படுத்த முடியவில்லை.

பிரேடிக்கும் நேர்ந்தது

இருபது சீசன் ஒரே முறையில் ஆடி ஆறு சூப்பர் பௌல் வென்ற பிரேடி, 2020-ல் தன் 42-ஆவது வயதில் டாம்பா பே பக்கனீர்ஸில் சேர்ந்தார். தலைமைப் பயிற்சியாளர் புரூஸ் ஏரியன்ஸ் தூரமாக எறியும் ஆட்டத்தை நேசிப்பவர். இதே முறையில் முந்தைய ஆண்டு ஜேமிஸ் வின்ஸ்டன் 33 டச்டவுன் எறிந்து, 30 முறை பந்தை இழந்திருந்தார். பிரேடியின் பழைய முறை குறுகிய தூரத்துக்கு, சட்டென்று எறிவது.

காலமும் ஒத்துழைக்கவில்லை. கொரோனாவால் வசந்த கால முகாம்கள் நடக்கவில்லை, சீசனுக்கு முந்தைய ஒத்திகை ஆட்டங்கள் எல்லாமே ரத்து. பிரேடி தன் புதுத் தோழர்களைக் கூட்டி, டாம்பாவில் ஒரு பள்ளி மைதானத்தில் பயிற்சி செய்தார். முதல் ஆட்டம் செப்டம்பர் 13-ல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸுடன். 34–23 தோல்வி. இரண்டு முறை பந்தை எதிரணி கையில் கொடுத்தார், அதில் ஒன்றை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டு ஓடி டச்டவுன் ஆக்கினார்கள். நவம்பரில் அதே அணியிடம் 38–3. நவம்பர் 29-ல் கான்சஸ் சிட்டி சீஃப்ஸிடம் 27–24. கணக்கு 7 வெற்றி, 5 தோல்வி. அடுத்த வாரம் ஓய்வு வாரம்.

அதன் பிறகு அவர்கள் தோற்கவே இல்லை. மிச்சமிருந்த நான்கு ஆட்டம், நாக்அவுட்டில் மூன்று, கடைசியில் 2021 பிப்ரவரி 7-ல் அதே சீஃப்ஸை 31–9 என்று வீழ்த்தி சூப்பர் பௌல். அந்தப் பிற்பகுதியில் கூர்ந்து பார்த்தால் இரண்டு பக்கமும் அசைந்துகொடுத்தது தெரியும். பந்து தொடங்குவதற்கு முன் ஒருவரைக் குறுக்கே நகர்த்தி எதிரணியின் திட்டத்தை வெளிக்கொணர்வதும், ஓட்டப் பாவனை காட்டிவிட்டு எறிவதும் கூடின. பிரேடிக்குப் பழைய நாளிலிருந்து வசப்பட்ட வேலைகள் இவை. பிரேடியும் ஏரியன்ஸ் விரும்பிய தூர எறிதலை விட்டுவிடவில்லை. வழக்கமான சீசனில் மட்டும் 40 டச்டவுன் எறிந்தார்.

பயிற்சியாளர்களுக்கு இதில் பாடம் உண்டு என்று நினைக்கிறேன். 2012-ல் டென்வர் பிராங்கோஸ் இதைத் தொடக்கத்திலேயே செய்தது. முந்தைய ஆண்டு டிம் டீபோவுக்காகக் குவார்ட்டர்பேக்கே பந்தோடு ஓடும் முறையை வைத்திருந்த தாக்குதல் பயிற்சியாளர் மைக் மெக்காய், கழுத்து அறுவை சிகிச்சைக்குப் பின் வந்து சேர்ந்த பெய்டன் மானிங்குக்காக, அவர் இண்டியானாபொலிஸில் ஆடிய முறைக்கே பெரும்பாலும் மாறினார். அப்போதும் அணி 2 வெற்றி, 3 தோல்வி என்றுதான் தொடங்கியது. மானிங்குக்குத் தெரிந்த முறைதான், சுற்றியிருந்த மற்றவர்களுக்கு அது புதிது. அந்த ஐந்து ஆட்டத்துக்குப் பிறகு, மீதமிருந்த 11 ஆட்டங்களையும் அவர்கள் வென்றார்கள்.

எதைக் கவனிப்பது

பயிற்சி நாட்களில் ஒரே பாடத்தை மூன்று சுற்று சொல்லிக்கொடுப்பது வழக்கம்: வசந்த காலத்தில் மெதுவாக நடந்து பார்த்து, ஜூன் வாக்கில் சிறு முகாமில், பிறகு ஜூலை கடைசியில் தொடங்கும் பெரிய முகாமில். செப்டம்பரில் சீசன் தொடங்கும்போது, படித்ததில் ஒரு பகுதிதான் யோசிக்காமல் வரும் அளவுக்குப் பதிந்திருக்கும். புது ஆட்டமுறையோடு களமிறங்கும் அணியைப் பார்க்கும்போது, முதல் மாதத்தில் நான் கணக்குப் பலகையைவிடக் கடிகாரத்தைத்தான் பார்ப்பேன். கடைசி நொடி வரை இழுத்துக்கொண்டிருக்கிறார்களா, தாமதத்துக்கு அபராதம் வாங்குகிறார்களா, அதைத் தவிர்க்க டைம்அவுட்டை வீணாக்குகிறார்களா? அப்படியென்றால் பெயர்களே இன்னும் பதியவில்லை. அதன்பின் ஆளில்லாத இடத்தில் விழும் பந்துகள். எட்டாவது ஒன்பதாவது வாரத்தில் கடிகாரத்தில் 12, 13 நொடி மிச்சமிருக்கும்போதே வரிசையில் நின்றுவிடுகிறார்கள் என்றால், ஆட்டங்களைத் தோற்றுக்கொண்டிருந்தாலும் அந்த அணி கற்றுக்கொண்டிருக்கிறது. சீசன் பாதி கடந்தும் அபராதங்கள் குறையவே இல்லை என்றால், பிளேபுக்கைச் சுருக்க வேண்டியது பயிற்சியாளரின் பொறுப்பு.

கற்பவருக்கு நேரம் கொடுக்க முடிந்த அணிகள் குறைவு. கொடுத்தவற்றில் கான்சஸ் சிட்டி ஒன்று. அலெக்ஸ் ஸ்மித் 2013-ல் அங்கே போய், தலைமைப் பயிற்சியாளர் ஆண்டி ரீடிடம் ஐந்து சீசன் ஒரே முறையில் ஆடினார். ஐந்தாவது சீசனில், 2017-ல், லீகிலேயே மிக உயர்ந்த எறிதல் மதிப்பெண் அவருடையது. அந்த ஆண்டு அணியில் சேர்ந்த இளம் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ், ஸ்மித் ஆடுவதைப் பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டே அதே பிளேபுக்கைப் படித்தார். ஒரே ஒரு ஆட்டத்தில்தான் தொடக்கத்திலிருந்து இறங்கினார். அடுத்த ஆண்டு 50 டச்டவுன் எறிந்து, லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார்.